நிலவேம்பின் குடித்தனக்காரன்

பாதி ஆயுசை பஸ்ஸுக்குள்ளேயே கழித்த கண்டக்டர் குற்றாலிங்கம், ஓய்வு பெற்றதும் வைத்தியம் படிக்கப் போனார். மலையடிவாரத்தில் ஆவுடைச்செல்வியின் சித்த வைத்தியசாலை. குருவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம், இடுப்பில் கைக்குழந்தை வேறு. சீடருக்குத் தலை முழுக்க நரை. குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "வைத்தியரம்மா" என்பார். அதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சரிப்படாதது ஒன்றே ஒன்று. அண்ணாச்சியின் வாய்.

கூட்டத்தைக் கண்டால் அது தானாகத் திறந்துகொள்ளும். "நடையில நிக்காத, உள்ள போ. முன்னால அவ்வளவு இடம் கிடக்குல்லா." நோயாளிகள் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். எல்லாருமே சிரித்திருந்தால் வம்பில்லை.

ஒருநாள் மாரிக்கனி என்ற இளம்பெண் வயிற்றுவலி என்று வந்து உட்கார்ந்தாள். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"பரோட்டா."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

"அன்னிக்கும் பரோட்டாதான்."

"அது வயிறா, மாவு மில்லா? மூட்டை மூட்டையா உள்ள தள்ளிட்டு, வலிக்குன்னு இங்க வந்து நிக்க. வெக்கமா இல்ல?"

ஏன் பரோட்டா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், மருந்து வாங்காமலே போய்விட்டாள்.

ஆவுடைச்செல்வி ஒரு வார்த்தை திட்டவில்லை. உரலில் இடித்துக்கொண்டிருந்த சுக்கை வழித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பிள்ளை திரும்பி வந்து உங்ககிட்ட கையை நீட்டுற அன்னிக்கு நாடி பிடிங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் வேண்டாம்."

நாடி பிடிக்கத்தானே மனுஷன் வந்ததே. அன்று சாயங்காலம் குருவின் முன்னால் போய் நின்றார்.

"இந்த நாக்கை என்ன செய்யட்டும், வைத்தியரம்மா?"

"பின்னால நிலவேம்புப் பாத்தி கிடக்கு. களை எடுத்துட்டு வாங்க."

களைக்கொத்தியோடு போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அங்க களையே இல்லியே. பக்கத்துல தூதுவளைப் பாத்தியில கோரை மண்டிக் கிடக்கு. நிலவேம்பு காலடியில பேருக்கு ஒரு புல்லு இல்ல. யாரு எடுத்தா?"

"செடிக்குள்ள ஒரு குடித்தனக்காரன் இருக்கான். அவன் வேலை."

நிலவேம்புத் தண்டு ஒன்றை மெல்லிசாகச் சீவி, படித்த காலத்தில் வாங்கிய மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னார்.

"நூல் நூலாத் தெரியுதா?"

"ஒட்டடை மாதிரில்லா இருக்கு."

"பூசணம்."

"ஊறுகாயில வருமே, அதா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம். இது செடிக்குள்ளயே இருந்து செடியோட சாப்பாட்டையே சாப்பிடுது. வாடகைக்கு நஞ்சு காய்ச்சிக் குடுக்குது. உதிர்ற இலை வழியா அது மண்ணுல இறங்கும். பக்கத்துல ஒரு புல்லு முளைச்சா, வேர் விடும்போதே கருகிரும்."

குற்றாலிங்கம் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தள்ளி நின்றார்.

"மருந்துச் செடிக்குள்ள நஞ்சா? சனங்க இதையா கசாயம் வச்சுக் குடிக்காங்க?"

"புல்லுக்குத்தான் அது நஞ்சு. குடிக்கிற ஆளுக்கு இல்ல."

"இருக்கட்டும். நஞ்சு நஞ்சுதானே. ஒழிச்சுக்கட்ட முடியாதா?"

"முடியுமே. விதையைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ல போட்டு எடுத்தா பூசணம் செத்துரும், விதை பிழைச்சுக்கும். செஞ்சு பாக்கீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் நாக்குக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளே விதையை வெந்நீரில் போட்டு எடுத்துப் புதுப் பாத்தியில் தூவினார். கையோடு ஒரு கிராம்பை எடுத்து நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் கிராம்பு விழுந்துவிடும். விழவிடுவதில்லை என்று சபதம்.

"என்ன அண்ணாச்சி, டிக்கெட் தீர்ந்துட்டா?" என்று நோயாளிகள் சீண்டினார்கள். தலையை ஆட்டினார்.

"வண்டி பிரேக் டவுன் போல," என்றார்கள். அதற்கும் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் பொங்கி வந்த பதில்களையெல்லாம் கிராம்புச் சாறோடு விழுங்கினார். நாக்கு மரத்துப்போனது.

பாத்தியில் செடிகள் ஜோராக முளைத்து வந்தன. தினமும் போய் நின்று பெருமையாகப் பார்த்துக்கொள்வார். கெட்டது ஏதும் உள்ளே இல்லாத செடிகள் அல்லவா.

பிறகு ஒரு மழை பெய்தது. கோரை வந்தது, சாரணை வந்தது, பேர் தெரியாததெல்லாம் வந்தது. காலையில் பிடுங்கினால் மறுநாள் அதே இடத்தில் வேறொன்று நிற்கும். நிலவேம்பு அதற்கு நடுவில் வெளுத்துப்போய் ஒல்லியாக நின்றது. பத்தடி தள்ளிப் பழைய பாத்தி எப்போதும்போலச் சுத்தமாகக் கிடந்தது. குற்றாலிங்கத்துக்கு இடுப்பு விட்டுப்போனது.

முன்கூடத்தின் கதையும் அதுதான். வரிசை என்பதே இல்லாமல் போயிற்று. டெம்போ வைத்திருக்கும் மீசைக்காரர் ஒருவர் வந்த உடனே உள்ளே நுழையப் பழகிக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் படியிலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் காதில் தேனாகப் பேசி ஏதோ பொடி விற்றான். இதையெல்லாம் உள்ளேயிருந்து ஆவுடைச்செல்வி பார்த்தார். சீடரையும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இன்னொரு மழைநாள். கூடம் நிரம்பி வழிந்தது. தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தாள் மாரிக்கனி. பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தான். உள்ளே நுழைய வழியில்லை. படியிலேயே மடக்கிவிட்டான் வெள்ளைச் சட்டைக்காரன்.

"உள்ள போயி என்னத்துக்கும்மா காத்துக் கிடக்க? இந்தப் பொடியைத் தேன்ல குழைச்சுக் குடு. காய்ச்சல் பறந்துரும்."

அவள் ஒரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

குற்றாலிங்கம் பிள்ளையின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார். கிராம்பு நாக்கடியிலிருந்து கன்னத்துக்கு நகர்ந்தது. கன்னத்திலிருந்து வெளியே பறந்தது.

"ஏய் வெள்ளைச் சட்டை, இறங்கு. படியில நிக்காத, உன் ஸ்டாப்பிங் வந்தாச்சு. யோவ் மீசை, டிரைவர் சீட்டுலயா உக்காரப் பாக்கீரு? பின்னால போம். கைப்பிள்ளைக்காரி வாரா, வழி விடு, வழி விடு."

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. சிரிப்போடு சிரிப்பாகக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மீசைக்காரர் கடைசியில் போய் நின்றார். வெள்ளைச் சட்டைக்காரன் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு நனைந்தபடியே நடந்தான்.

ஆவுடைச்செல்வி பிள்ளைக்கு ஈரத்துணி போட்டு மருந்து புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அவன் வேர்த்துத் தூங்கிப்போனான். மழையும் விட்டது.

அப்போதுதான் சீடரைக் காணோம் என்று தெரிந்தது. ஆவுடைச்செல்வி பின்னால் வந்து பார்த்தார். களை மண்டிய பாத்திக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் குற்றாலிங்கம்.

"கிராம்பு எங்க, அண்ணாச்சி?"

"விழுந்துட்டு. இந்த வாய் சாகல, வைத்தியரம்மா. எனக்குச் சூடு பத்தல போல."

பின்னாலேயே வந்த மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூங்கும் பிள்ளையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு மறு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"அன்னிக்கு வந்த வயித்துவலி இன்னும் விடல, அண்ணாச்சி. பாத்துச் சொல்லுங்க."

நீட்டிய கையை அவர் தொடவில்லை. குருவைப் பார்த்தார்.

"அன்னிக்கு இவளை அழ வச்சதும் இதே வாய்தானே?"

ஆவுடைச்செல்வி பழைய பாத்திக்குப் போய் ஒரு நிலவேம்பு இலையைக் கிள்ளி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"புல்லைக் கருக்குற நஞ்சு இதுக்குள்ளதான் ஓடுது. இது எங்கயாவது கருகியிருக்கா, பாருங்க."

அவர் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பச்சை. பிறகு இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாரிக்கனியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார்.

"ராத்திரி என்ன சாப்பிட்ட, தாயி?"

அவள் தயங்கினாள். "பரோட்டா."

"அடுப்பு பத்தவைக்க நேரமில்லையோ?"

"மாமியாருக்கு முடியல. ராவும் பகலும் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கேன். அந்த வாசல்ல பரோட்டாக் கடை மட்டும்தான் இருக்கு."

"சரி. இனிமே பொழுது சாய எங்க வீட்டுல இருந்து கஞ்சி வரும். குடிக்காம வச்சிருந்தேன்னு கேள்விப்பட்டேன், அங்கயே வந்து விசில் ஊதுவேன்."

சிரித்துக்கொண்டே மருந்தை வாங்கிப் போனாள் மாரிக்கனி.

குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களை மண்டிய பாத்தியை வேரோடு கொத்திப் புரட்டினார். வேலை முடிந்ததும் விதைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"மறுபடி விதைக்கப் போறேன். வெந்நீர் வைக்கட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே தூவுங்க."