கரிச்சான் டீச்சரின் அமைதியான வகுப்பு

மருதங்காட்டில் ஒரு கரிச்சான் குருவி கூடு கூடாகப் போய் டியூஷன் எடுத்து வந்தது. பாடம் ஒன்றே ஒன்றுதான். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் "கீச்! கீச்! பதுங்கு!" என்று கத்த வேண்டும். கத்தத் தெரிந்த குஞ்சு தானும் பிழைக்கும், கூட இருப்பவர்களையும் பிழைக்க வைக்கும்.

அதன் மாணவர்களில் பொட்டு என்றொரு காடைக் குஞ்சு இருந்தது. நிழலைக் கண்டாலே பொட்டுவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கரிச்சான் கோபப்படாது. புதருக்குள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பயப்படாம கத்து கண்ணு! யாரு என்ன சொன்னாலும் கத்து!" என்று திரும்பத் திரும்பச் சொல்லும்.

ஆனால் டியூஷன் டீச்சருக்கு ஊரில் என்ன மரியாதை இருக்கிறது? "இன்னுமா உனக்கு ஸ்கூல்ல வேலை கிடைக்கல?" என்று காக்கை பார்க்கும்போதெல்லாம் கேட்டது. கேட்கும்போதெல்லாம் கரிச்சான் கூனிக்குறுகிப் போனது.

ஒரு நாள், ஏரியில் மீன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்துக் கொக்கு வாத்தியார் லீவு போட்டுவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் ஆந்தை கரிச்சானைக் கூப்பிட்டு அனுப்பியது.

"கொக்கு சார் வர்ற வரைக்கும் வகுப்பை நீ பார்த்துக்கோ. ஒழுங்கா பார்த்துக்கிட்டா நிரந்தரம் பண்ணிடலாம்!"

"பருந்துப் பாடம் எடுக்கட்டுமா சார்?"

"பாடமெல்லாம் யாரு கேட்டா? நான் பகல்ல தூங்கணும். சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான் உன் வேலை!"

கரிச்சான் தலையாட்டியது. அன்றே டியூஷனையெல்லாம் நிறுத்திவிட்டது.

"என்ன டீச்சர், பாதியில விட்டுட்டுப் போறீங்க? இப்பத்தான் என் பிள்ளைக்குக் குரல் லேசா எழும்புது!" என்று அழாத குறையாகக் கேட்டது தாய்க்காடை.

"அதுக்கென்ன, ஸ்கூல்ல சேர்த்துவிடுங்க! அங்கேயும் நான்தானே இருக்கப் போறேன்!"

தாய்க்காடை நம்பிச் சேர்த்தது.

பதிலாக வந்த டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. கரிச்சான் பதறியது. "சிறகைக் கட்டு! அலகைப் பொத்து!" என்று விரட்டி விரட்டி அடக்கியது. பிறகு ஆந்தை தூங்கும் மருத மரத்துப் பொந்தையே பார்த்தபடி உட்கார்ந்தது. ஆந்தை புரண்டு படுத்தால்கூட அதற்கு நெஞ்சு படபடத்தது. முன்பெல்லாம் வானத்தைப் பார்த்தபடி பாடம் நடத்திய குருவி அது.

அப்போதுதான் நிழல் விழுந்தது. பொட்டு மட்டும் அதைப் பார்த்தது. முதல்முறையாக அதன் தொண்டை திறந்தது.

"கீச்! கீச்!"

"யாரது சத்தம் போடறது? அலகைப் பொத்து!" என்று திரும்பாமலே அதட்டியது கரிச்சான்.

பொட்டு டீச்சரைப் பார்த்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கத்தியிருக்கும். சொன்னது அதன் டீச்சர். அலகை மூடிக்கொண்டது.

பருந்து இறங்கிப் பொட்டுவைத் தூக்கியது. மற்ற குஞ்சுகள் அலறிப் புல்லுக்குள் ஓடின. கரிச்சான் துரத்திப் போய்ப் பருந்தின் முதுகில் கொத்திக் கொத்திப் பார்த்தது. பருந்து பொட்டுவை விடவில்லை.

அந்தி சாய்ந்ததும் ஆந்தை சோம்பல் முறித்து எழுந்தது.

"ஆஹா, இன்னைக்கு என்ன தூக்கம்! வகுப்புன்னா இப்படித்தான் இருக்கணும்!"

"சார், ஒரு பிள்ளையைப் பருந்து..."

"கொக்கு சார் நாளைக்கு வந்துடுவார். நீ கிளம்பு. அவர் மறுபடி லீவு போட்டா சொல்லி அனுப்பறேன்!"

கரிச்சான் காடைப் புதருக்குப் போனது. தாய்க்காடை வாசலிலேயே காத்திருந்தது.

"வாங்க டீச்சர்! இன்னைக்காவது என் பொட்டு கத்தினாளா?"

"கத்தினா," என்றது கரிச்சான். அதற்கு மேல் பேச முடியாமல் அதற்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நீதி: வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளையின் வாயை அடைக்கும் ஆசிரியர், பருந்தைவிடப் பொல்லாதவர்.