கொட்டை எடுக்காத தலையணை

சாமியின் தலையணையை நினைத்துத் தையல்நாயகிக்கு ஓயாத கவலை. கட்டி கட்டியாக இருக்கும். தலை வைத்தால் கன்னத்தில் குழி விழும்.

மடத்துக்குக் குருவான சாமி அவளைவிடப் பத்து வயது இளையவள். சிஷ்யையான தையல்நாயகியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

"இலவம்பஞ்சு அடைச்சுத் தரேன் சாமி. கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"இருக்கட்டும் அக்கா."

மடத்தார் உடுத்துவது மடத்துப் பருத்தி. அந்தக் காடு தையல்நாயகியின் பொறுப்பு. மத்தியானத்தில் பார்த்தால் மேகம் இறங்கிப் படுத்த மாதிரி ஒரே வெள்ளையாக இருக்கவேண்டும் அவளுக்கு. குட்டைச் செடி, ரோமம் அடர்ந்த இலை, பழுப்புப் பஞ்சு, எது கண்ணில் பட்டாலும் பிடுங்கி வரப்பில் எறிவாள்.

சாயங்காலம் சாமி வரப்போடு நடந்து, எறிந்த செடிகளில் வெடித்திருந்த காய்களை மடியில் கட்டிக்கொண்டு போவாள். விளக்குத் திரிக்காக இருக்கும் என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டாள்.

அந்த மார்கழியில், இலைச்சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இறங்கியது. இலைகள் சுருண்டு ஓரம் சிவந்தன. ஒன்றுபோல் நின்ற காடு ஒன்றுபோல் சாய்ந்தது. ஒரே ஒரு வெள்ளைச் செடியை மட்டும் அவள் இலை இலையாகத் துடைத்து உயிரோடு வைத்திருந்தாள்.

"விதைக்குக்கூட மிஞ்சாது சாமி. அடுத்த வருஷம் எல்லாரும் என்னத்தை உடுத்துறது?"

சாமி உள்ளே போய்த் தலையணையைக் கொண்டுவந்து கிழித்தாள். பஞ்சு பறந்தது. ஒவ்வொரு பொதியிலும் விதைக்கொட்டை இருந்தது.

"இந்தச் சனியன்களையா வச்சிருந்தீங்க?"

"தலைக்கு வச்சிருந்தேன்."

வெள்ளைச் செடியைச் சுற்றி விதைத்தார்கள். முளைத்ததில் பாதி சுருண்டது, மீதி தட்டுத்தடுமாறி நின்றது. பழுப்புப் பஞ்சுக் குட்டை ஒன்று மட்டும் பூச்சியைச் சட்டை செய்யவில்லை. அதன் இலையெல்லாம் பூனைக்குட்டி முதுகுபோல் ரோமம்.

ஒரு சாயங்காலம் சாமி வெள்ளைச் செடியின் மொட்டைப் பிரித்து மகரந்தப் பையை நீக்கினாள். மறுநாள் காலையில் குட்டைச் செடியின் பூவைக் கொய்துவந்து அதில் தடவினாள்.

"இந்த அழகிக்கு அந்தக் குரங்கா மாப்பிள்ளை?" தையல்நாயகிக்கு மனசே ஆறவில்லை.

"பிள்ளைகள் வரட்டும் அக்கா."

அந்தக் காயின் விதையில் முளைத்த முதல் பிள்ளைகள் ஒரே சாடையில் வந்தன. பேரப்பிள்ளைகள்தான் விதவிதமாக வந்தன. அதில் ஒன்றுக்கு வெள்ளை வெளேரென்று நீளப் பஞ்சு, இலையெல்லாம் ரோமம். பூச்சி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

தையல்நாயகி ஓடிவந்தாள்.

"கிடைச்சிடுச்சு சாமி! இனி இது ஒண்ணு போதும். மத்ததைப் பிடுங்கிடறேன்."

சாமி உள்ளே போனாள். காலித் தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

தையல்நாயகி முணுமுணுத்துக்கொண்டே பழுப்பு, குட்டை, மொட்டை இலை என்று பார்க்காமல் எல்லாவற்றிலிருந்தும் காய் பறித்து, கொட்டையோடு அடைத்துத் தைத்தாள்.

"இந்தாங்க, உங்க கட்டி மெத்தை."

"அது உங்களுக்கு."

புதுச் செடியின் விதை பெருகிய வருஷம், மத்தியான வெயிலில் காடு வெள்ளையாக மிதந்தது. வேப்ப நிழலில் படுத்துத் தையல்நாயகி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"குத்துதா அக்கா?"

"குத்துது சாமி."

"நல்லது. தூங்குங்க."