சுகாதார அமைச்சர்

"துடைப்பத்துக்கு இந்த வருஷம் ஆள் தேட வேண்டியதில்ல. காலனிப் பொண்ணு ஒண்ணு ஜெயிச்சு வந்திருக்கு."

ஆசிரியர் அறைக்குள் யாரோ சொன்னார். இன்னொருவர் சிரித்தார். சாக்பீஸ் எடுக்க வந்த செல்லக்கனி வாசலிலேயே நின்றாள். சிரித்த குரல் அவளுக்குத் தினமும் கணக்கு நடத்துகிற குரல்.

அவள் சாக்பீஸ் எடுக்காமல் திரும்பிப் போனாள்.

அந்த அரசுப் பள்ளியில் மாணவர் மன்றம் என்று ஒன்று உண்டு. குடியாட்சி என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் படித்தால் மட்டும் போதாது, செய்து பழக வேண்டும் என்று ஏற்படுத்தியது. வகுப்புக்கு ஒருவரை வாக்குப்பெட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். விரலில் மைகூட வைப்பார்கள். ஜெயித்தவர்கள் கூடித் தங்களுக்குள் முதலமைச்சரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை எல்லாம் பிள்ளைகள் கையில். யாருக்கு எந்தத் துறை என்பதை மட்டும் தலைமையாசிரியர் சொல்வார்.

சுகாதாரத் துறை எப்போதும் காலனிப் பிள்ளைக்குப் போகும்.

பதவியேற்பு விழாவில் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஃபைல். சுகாதார அமைச்சருக்கு ரிப்பன் கட்டிய புதுத் துடைப்பம். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். மறுநாளிலிருந்து மற்ற அமைச்சர்கள் மணி அடித்த பிறகு வருவார்கள். சுகாதார அமைச்சர் மணி அடிக்கும் முன்பே வந்து வராந்தாவைக் கூட்டுவார்.

செல்லக்கனியின் அண்ணன் ஒரு வருஷம் அந்த அமைச்சராக இருந்தான். அந்த வருஷத்தைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கும் போகவில்லை.

மன்றத்தின் பொறுப்பு ஜெயசீலி டீச்சரிடம் இருந்தது. குடிமையியல் நடத்துபவர். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆசிரியர் கூட்டத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

மாலையில் செல்லக்கனி அவரைத் தேடிப் போனாள். வகுப்பில் வேறு யாரும் இல்லை. தலைமையாசிரியர் சொன்னபடி டீச்சர் துறைகளையும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். சுகாதாரம் என்பதற்கு எதிரே செல்லக்கனியின் பெயர் இருந்தது.

"டீச்சர், இந்தப் பதவிய எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. டஸ்டரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

செல்லக்கனி தன் பெயரை அழித்தாள். அழுத்தி, இரண்டு முறை அழித்தாள்.

டீச்சர் அதே இடத்தில் 'இசக்கியம்மாள்' என்று எழுதினார்.

இசக்கியம்மாள் ஒன்பதாம் வகுப்பு. செல்லக்கனியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள்.

"அவ எலெக்‌ஷன்லயே நிக்கலையே டீச்சர்."

"போன வருஷம் இருந்த பையனும் நிக்கல. கூப்பிட்டுக் கொடுத்தாங்க."

செல்லக்கனி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெயரையும் அழித்தாள். சாக்பீஸை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"அமைச்சர்னா என்ன வேலைன்னு உனக்கு நடத்தியிருக்கேன்" என்றார் டீச்சர்.

"துறைய நிர்வாகம் பண்ணணும்."

"எந்தப் பாடத்துலயாவது அமைச்சர் கூட்டினாரா?"

"இல்ல டீச்சர். ஆனா சார் துடைப்பத்தை நீட்டுவாரே?"

"நீட்டுவார்."

"வாங்கலேன்னா?"

"கை வலிக்கும்."

"யாருக்கு?"

"நீட்டினவருக்கு."

செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. பதவியேற்பு அன்று டீச்சர் தனக்காகப் பேசுவாரா என்று கேட்டாள். டீச்சர் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்றும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

"எனக்கும்தான்."

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பதவியேற்பு. பிள்ளைகள் வகுப்பு வாரியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் ஒரு பக்கம் நாற்காலிகளில் இருந்தார்கள். மேடையில் ஐந்து நாற்காலிகள். முதலமைச்சருக்கு ஒன்று, நான்கு அமைச்சர்களுக்கு நான்கு. சுகாதார அமைச்சர் துடைப்பத்தோடு ஓரமாக நிற்பதுதான் வழக்கம். படத்துக்கு நன்றாக இருக்கும் என்பார்கள்.

முதலமைச்சர் முகிலரசு உறுதிமொழி எடுத்து, ஃபைல் வாங்கி உட்கார்ந்தான். அடுத்தடுத்து நால்வரும் உட்கார்ந்தார்கள். கடைசியாகச் செல்லக்கனியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியர் சிரித்த முகத்தோடு துடைப்பத்தை நீட்டினார். ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தது. கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

செல்லக்கனி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கம்மா. போட்டோவுக்குத்தான்."

"ஃபைல் குடுங்க சார்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. கைதட்டல் நின்றது.

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தி, ஃபைல் ஐந்துதான் வாங்கியது என்றார். அதையும் மைக் எல்லாருக்கும் சொன்னது. பின்வரிசையில் ஒரு பையன், "அஞ்சு பேருக்குத்தான் ஆட்சியா சார்?" என்றான். யார் என்று பார்ப்பதற்குள் குனிந்துகொண்டான்.

"பரவால்ல சார். வெறுங்கையோட உறுதிமொழி எடுத்துக்கறேன்" என்றாள் செல்லக்கனி.

"இதை வாங்கலேன்னா நீ அமைச்சர் இல்ல. கீழ இறங்கு."

"எங்க வகுப்பு ஓட்டுப் போட்டு என்னை அனுப்பியிருக்கு சார். அவங்க சொன்னா இறங்குறேன்."

அவள் மைதானத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"பதினொண்ணு ஆ. நான் இறங்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கடைசி வரிசையில் இரண்டு கைகள் எழுந்தன. பிறகு இன்னும் மூன்று. அதில் ஒரு கை, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்ணுடையது. செல்லக்கனி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். மற்ற கைகள் மடியிலேயே இருந்தன. மேடையில் முகிலரசின் கை பாதி எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது. "உனக்கு எங்க வகுப்புல ஏதுடா ஓட்டு?" என்று கீழே ஒரு பெண் கேட்டாள்.

தலைமையாசிரியர் ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார்.

"ஜெயசீலி டீச்சர், இது உங்க மன்றம்தானே? உங்க பொண்ண இறங்கச் சொல்லுங்க."

ஜெயசீலி டீச்சர் எழுந்தார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அந்த மைக்கில் அவர் ஒருநாளும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறினார். அது படியில் இடித்துப் பெரிதாகச் சத்தம் போட்டது. முகிலரசு எழுந்து வழிவிட்டான். ஐந்து நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். கொஞ்சம் கோணலாக இருந்தது. மற்றவற்றோடு சேர்த்து நேராக்கினார். பிறகு கீழே இறங்கிப் போய், ஆசிரியர்கள் வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

செல்லக்கனி மைக்கின் முன்னால் போய் உறுதிமொழியை முழுக்கச் சொல்லி முடித்தாள். பிறகு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.