மாட்டுத் தொட்டிக்குப் போக இருந்த சோறு

மிராசுதார் வேங்கடபதி வீட்டில் அஞ்சுகம் சமையல்காரி. ஒருநாள் மதியம் மிஞ்சிய சோற்றையும் பொரியலையும் தன் பிள்ளைகளுக்காகத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மிராசுதார் வாசலிலேயே மறித்தார். வாளியைத் திறந்து வேலைக்காரர்கள் எல்லாருக்கும் காட்டினார்.

"மிச்சத்தை மனுஷன் தின்பானா? கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில கொட்டு!"

அஞ்சுகத்துக்கு உடம்பே கூசிப்போனது. யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைப்புறம் நடந்தாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராண அறையின் சாவியோ வெளியூர் போன மிராசுதார் மனைவியிடம் இருந்தது.

"என்ன செய்வியோ தெரியாது, சூடா பலகாரம் வரணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றார் மிராசுதார்.

அஞ்சுகம் வாளியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். சோற்றையும் பொரியலையும் பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, வடையாகத் தட்டிப் பொரித்தெடுத்தாள்.

சம்பந்தி அம்மாள் தட்டைக் காலி செய்துவிட்டு, "என்ன ருசி! எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்டாள்.

"சொல்லு, சொல்லு. நம்ம வீட்டுப் பக்குவம் அவங்களுக்கும் தெரியட்டும்" என்று மிராசுதார் ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டார்.

அஞ்சுகம் தலை குனிந்தபடியே சொன்னாள்: "மதியம் மிஞ்சினதும்மா. மனுஷன் திங்க மாட்டான், மாட்டுக்குக் கொட்டுன்னு ஐயா சொன்னாங்க. கொட்டுறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

சம்பந்தி அம்மாள் மிராசுதாரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டை அஞ்சுகத்திடம் நீட்டி, "எனக்கு இன்னும் ரெண்டு வை, தாயி" என்றாள்.

வாயிலிருந்த வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மிராசுதார் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.