உறுமப் பழகியவள்

"எனக்குச் சத்தம் போடச் சொல்லித் தாங்க" என்றாள் சிஷ்யை.

குருவுக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா?"

சிஷ்யை மறுபடியும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. குரு எழுந்து வந்து அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

சிஷ்யையின் பெயர் பொற்கொடி. இடுப்பில் கைக்குழந்தை, பெண்பிள்ளை. கீழ்வீட்டு மருமகள்.

குருவின் பெயர் பெர்லின். சிஷ்யையைவிட நாலைந்து வயது சின்னவள். மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஹெவி மெட்டல் பாடுகிற ஒரு குழுவில் அவள்தான் குரல். தெருவில் யாரும் அதைப் பாட்டு என்று சொன்னதில்லை.

அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது.

"முட்டை வியாபாரம்னு நினைச்சேன்" என்றாள் சிஷ்யை.

"சத்தம் வெளிய போகாம இருக்க ஒட்டினது."

"போகுதே."

"தெரியும்" என்றாள் குரு. "எதுக்குச் சத்தம் போடணும்?"

"பிள்ளையைக் கேக்குறாங்க."

"யாரு?"

"மதினி. எங்க வீட்டுக்காரரோட அக்கா. அவங்களுக்குப் பிள்ளை இல்ல. உனக்குத்தான் மூத்தவன் இருக்கானே, இதை அவளுக்குக் குடுத்துருன்னு அத்தை முடிவு பண்ணிட்டாங்க. ஆடி முடிஞ்சதும் வந்து தூக்கிட்டுப் போவாங்களாம்."

"உங்க வீட்டுக்காரர்?"

"தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"நீங்க?"

"மாட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"யாருக்கும் கேக்கல."

குரு அவளுடைய போனை வாங்கி ஒரு ஆல்பத்தை ஏற்றிக் கொடுத்தாள்.

"இதைக் கேட்டுட்டு வாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது. பாட்டைத் தாண்டக் கூடாது."

"சத்தம் போடச் சொல்லித் தருவீங்கன்னு பாத்தா..."

"கேட்டுட்டு வாங்கக்கா."

அது த்ராஷ் மெட்டல், ஹெவி மெட்டலில் ஒரு வகை.

மறுநாள் சிஷ்யை வந்தாள்.

"என்னா வேகம்! எங்க வீட்டுத் தையல் மிஷின் தோத்துச்சு. சரியான குழாயடிச் சண்டை. ஆனா ஒருத்தி மட்டும்தான் கத்துறா. எதிராளி பதிலே சொல்லல."

குரு யோசித்தாள்.

"ஹெட்செட்டை எப்படி மாட்டினீங்க?"

"ஒரு காதுல. இன்னொரு காது பிள்ளைக்கு வேணுமே."

"ரெண்டாவது கிடார் அந்தக் காதுலதான் இருக்கு. பதிலும் அங்கதான்."

சிஷ்யை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தது டூம் மெட்டல்.

"ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு ஈடு இட்லி எடுத்துட்டேன்" என்றாள் சிஷ்யை. "தண்ணி லாரி மேட்டுல ஏற முடியாம நிக்குற மாதிரி இருந்துச்சு. உருளவும் மாட்டேங்குது, ஏறவும் மாட்டேங்குது."

"நிறுத்திட்டீங்களா?"

"இல்ல. பாதியில தூங்கிருச்சு."

"பிள்ளையா, நீங்களா?"

"ரெண்டு பேரும்."

குரு சிரிக்கவில்லை. அடுத்ததை ஏற்றினாள். அட்டைப் படத்தில் குதிரையும் வாளும் இருந்தன.

அதைக் கேட்டுவிட்டு வந்தபோது சிஷ்யைக்கு வெட்கமாக இருந்தது.

"சாமி புறப்பாடு மாதிரி இருக்கு இந்தப் பவர் மெட்டலு. அவன் வானத்துக்கு ஏத்திப் பாடுறான். எனக்கே தெரியாம நெஞ்சை நிமித்திக்கிட்டுப் பாத்திரம் விளக்கியிருக்கேன். 'என்னடி, பட்டத்து ராணி'ன்னு அத்தை கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"குனிஞ்சுக்கிட்டேன்."

குரு பனி மூடிய காட்டுப் படம் போட்ட ஆல்பத்தைக் கொடுத்தாள். பிளாக் மெட்டல்.

"ரேடியோவுல ஸ்டேஷன் கிடைக்காதப்ப ஒரு இரைச்சல் வருமே, அதுக்குள்ள உக்காந்து ஒருத்தன் கதறுறான்" என்றாள் சிஷ்யை. "இதைக் கொஞ்சம் நல்லாப் பதிவு பண்ணியிருக்கக் கூடாதா?"

"வேணும்னேதான் இப்படிப் பண்ணியிருக்காங்க."

"யாருக்கும் பிடிக்காதே."

"ஆமா."

"பிடிக்காதுன்னு தெரிஞ்சுமா?"

"ஆமா."

சிஷ்யை அந்தக் காட்டுப் படத்தை மறுபடியும் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை கேக்கணும்" என்றாள்.

கடைசியாக டெத் மெட்டல்.

"டெத்துன்னா சாவுதானே?" சிஷ்யை குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "விளக்கு வச்ச நேரத்துல கேக்கலாமா?"

"காலையில கேளுங்க."

காலையில் கேட்டாள். கேட்ட கையோடு மாடிக்கு வந்துவிட்டாள்.

"ஆடி முடியப் போகுது" என்றாள். "நீங்க என்னமோ ஆல்பம் ஆல்பமாக் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. இதுல ஒருத்தன் கிணத்துக்குள்ள இருந்து உறுமுறான். வீடே அதிருது. எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும். இப்பவே சொல்லித் தாங்க."

குரு கதவைச் சாத்தினாள்.

சிஷ்யை குழந்தையைப் பாயில் விட்டு, ஒரு கையால் அதன் காதைப் பொத்தினாள்.

குரு அவளுடைய இன்னொரு கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். உறுமினாள்.

சிஷ்யை குழந்தையின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அந்த உறுமலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற சத்தம்கூட இல்லை. குழந்தை கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஏமாத்து வேலையா இருக்கே! அப்ப அந்தச் சத்தம்?"

குரு மைக்கைக் காட்டினாள். மூலையில் இருந்த பெரிய ஸ்பீக்கரைக் காட்டினாள்.

"நீங்க தொண்டை கிழியக் கத்துறீங்கன்னு நினைச்சேன்."

"கத்தினா முதல் பாட்டுலயே குரல் போயிரும். நான் கடைசிப் பாட்டு வரைக்கும் நிக்கணும்."

"அப்ப உங்க வேலைதான் என்ன?"

குரு மறுபடியும் அவள் கையைத் தன் வயிற்றில் வைத்து உறுமினாள்.

வயிறு அம்மிக்கல் மாதிரி இருந்தது. ஆடவில்லை.

சிஷ்யை தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சைக் கீழே இறக்கினாள். பிரசவ நேரத்தில் நர்ஸ் இறக்கச் சொன்னது போலத்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்த வேலை.

"ஆனா எனக்கு மைக் கிடையாதே" என்றாள்.

"உங்க வீட்டுக் கூடம் எவ்வளவு பெருசு?"

"இதுல பாதி."

"அப்ப மைக் எதுக்குக்கா?" என்றாள் குரு.

ஆவணி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை மதினி வேன் பிடித்து வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். குழந்தைக்குக் கொலுசு வாங்கி வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளும் பாவம்தான்.

"நல்ல நேரம் போகுது. பிள்ளையைக் குளிப்பாட்டிக் குடு" என்றாள் மாமியார்.

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொற்கொடி மடியில் குழந்தையோடு கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மூச்சைக் கீழே இறக்கினாள்.

"மாட்டேன்" என்றாள்.

எப்போதும் பேசுகிற அதே அளவு குரல்தான்.

புருஷன் தலையைத் தூக்கினான்.

கொலுசு வைத்திருந்த மதினியின் கை மெல்லக் கீழே இறங்கியது.

மாமியார் மட்டும் அசையவில்லை.

"என்னடி முணுமுணுக்குற? சத்தமாச் சொல்லு. ஒண்ணும் காதுல விழல."

"விழுந்துச்சு அத்தை" என்றாள் பொற்கொடி.