நூற்றெட்டு மூச்சு

"பயம் போகமாட்டேங்குது அம்மா. நான் எங்கே தப்புப் பண்றேன்?" என்று கேட்டாள் தையல்நாயகி.

காலைக் கஞ்சி முடிந்து மடத்துப் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்க அதுதான் நேரம். வெறும் வயிற்றில் கேட்கிற கேள்விக்குக் கஞ்சியே பதில் என்பது அந்த மடத்துக் குருவின் கட்சி.

குரு என்றதும் தாடியும் தண்டமும் தேடாதீர்கள். வல்லியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. கேள்வி கேட்ட நாயகிக்கு முப்பத்தெட்டு. இவள் அவளை அம்மா என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"பயம் வந்தா என்ன செய்றீங்க?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான். எழுந்திருக்காம உட்கார்ந்து நூற்றெட்டு மூச்சு எண்ணறேன். எண்ணி முடிச்சதும் திரும்ப வந்து நிக்குது."

மூன்று வாரத்துக்கு முன்னால் நாயகிக்கு நாலு மாதக் கரு கலைந்திருந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து தங்கிய கரு. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை. புருஷன் லாரியோடு நாக்பூர் போயிருந்தான். அவள் மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாயகி போர்வை போர்த்தியிருந்தாள்.

"அந்தப் பயம் வந்து என்ன சொல்லுது?"

நாயகி தயங்கினாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. உடம்பைத் தேத்திக்கோ, இன்னொண்ணு பிறக்காமலா போயிடும் என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எழுந்து போன்னு சொல்லுது."

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா."

வல்லியம்மாவின் முகம் மாறியது.

"ரத்தம் இன்னும் போகுதா?"

"நின்னு நின்னு போகுது. கட்டி கட்டியா. நேத்திலேர்ந்து வாடை வேற."

குரு எழுந்து வந்து அவள் நெற்றியில் கை வைத்தாள். அனலாய்க் கொதித்தது.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா போகச் சொல்வீங்க. போனா கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களோன்னு பயம். போகலைன்னா செத்துப்போயிடுவேனோன்னு பயம். பயத்தை ஜெயிச்சுட்டா ரெண்டுமே நடக்காதுன்னு நினைச்சேன்."

ஒன்பது நாளும் மடமே அவளை மெச்சிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் நாயகி மாதிரி உட்கார வேண்டும், ஆடுகிறாளா அசைகிறாளா பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டினார்கள். நன்றாக மெச்சினார்கள், போங்கள்.

"யாராவது ஆட்டோவுக்குப் போன் பண்ணுங்க" என்றாள் வல்லியம்மா.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே அம்மா."

"எழுந்திருங்க."

"இந்தத் தடவை இன்னும் எண்ணி முடிக்கலை."

"எழுந்திருங்கக்கா."

நாயகி எழுந்தாள். கால் மடங்கியது. அவள் உட்கார்ந்திருந்த பாய் நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த நடுக்கமெல்லாம் ஒரேயடியாய்ப் பிடித்துக்கொண்டது. பல் கிட்டியது.

ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளே என்னவோ நழுவியது. இதோ போகப்போகிறேன், நாக்பூரிலிருந்து அவர் வருவதற்குள் போகப்போகிறேன் என்று நாயகிக்கு அடித்துக்கொண்டது. கண்ணை மூடி மூச்சை எண்ண ஆரம்பித்தாள்.

"எண்ணாதீங்க. பேசுங்க. எங்கே வலிக்குது?"

"அடிவயித்துல."

"அப்புறம்?"

"இடுப்புல. அம்மா, நான் செத்துப்போயிடுவேனா?"

"தெரியலை அக்கா. ஏம்ப்பா, கொஞ்சம் வேகமாப் போயேன்."

மடத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது, சீழ் பிடித்திருக்கிறது, உடனே சுத்தம் பண்ணி ரத்தம் ஏற்ற வேண்டும். கட்டுக்குள் வராவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும்.

"நாளைக்கு வந்திருந்தா கையெழுத்து வாங்கக்கூட ஆள் இருந்திருக்காதும்மா" என்றாள்.

நாயகி கையெழுத்துப் போட்டாள். ஒன்பது நாளாய் எதைக் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தாளோ, அதை இன்னொருத்தி வாயால் கேட்டாயிற்று. பயம் குறையவில்லை. இன்னும் கூடத்தான் செய்தது.

"கூட வந்திருக்கறது யாரு? என்ன உறவு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தங்கச்சி" என்றாள் குரு.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

நாயகி கண் விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இருந்தது. ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை தானாய் வயிற்றுக்குப் போயிற்று. கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் வல்லியம்மா இருந்தாள்.

"எடுத்துட்டாங்களா?"

"இல்லை. காய்ச்சல் இறங்குதான்னு இன்னும் ரெண்டு நாள் பார்க்கணுமாம். அதுக்கப்புறம்தான் சொல்வாங்களாம்."

ரெண்டு நாள். மறுபடி வந்து நின்றுவிட்டது சனியன்.

"பயமா இருக்கு அம்மா."

"எனக்கும்தான்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நாயகி நினைத்தாள். பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தும், பாம்பு மடியில் ஏறியும் அசையாத குரு என்று ஊரே சொல்கிற ஆள் இவள்.

"நான் உள்ளே இருந்தப்போ நீங்க வெளியே எத்தனை தடவை எண்ணினீங்க?"

"எங்கே எண்ணினேன்? நர்ஸம்மாகிட்ட போய்ப் போய்க் கேட்டுக்கிட்டிருந்தேன். நாலாவது தடவை, பேசாம ஒரு இடத்துல உட்காரும்மான்னு திட்டினாங்க."

"உட்கார்ந்தீங்களா?"

"முடியலை."

"உங்களாலயேவா முடியலை?"

வல்லியம்மா ரத்தம் சொட்டுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து நாயகியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"உங்களை உட்காரச் சொன்னது நானாச்சே, அக்கா."