ஒன்பதாவது பிழை

முன்னொரு காலத்தில் வெண்காவூர் நாட்டை அதிசூரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் சூரன், மனசு முழுக்கச் சந்தேகம். கிளி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட, "இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று விசாரணை வைப்பார்.

அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் பேச்சில் யார் பிழை கண்டுபிடிக்கிறாரோ, அவர் ஓர் ஆசனம் மேலே ஏறுவார். பிழைவிட்டவர் ஓர் ஆசனம் கீழே இறங்குவார். ஆகவே சபையோர் பன்னிரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். அதில் கெட்டிக்காரர் தாண்டவராயர். பன்னிரண்டாம் ஆசனத்தில் நுழைந்தவர், மூன்றே வருஷத்தில் முதல் ஆசனத்துக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் யானைக்கொட்டில் அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அரசே! கொட்டிலில் தீ பற்றிக்கொண்டன!"

"நில்லும். தீ ஒன்றா, பலவா?" என்றார் தாண்டவராயர்.

"ஒன்றுதான் ஐயா, ஆனால் பெரிசு!"

"ஒன்றென்றால் 'பற்றிக்கொண்டது' என்றல்லவா சொல்லவேண்டும்? இறங்கும் ஓர் ஆசனம்."

அதிகாரி இறங்கி உட்கார்வதற்குள் பாதிக் கூரை எரிந்துபோனது.

இதையெல்லாம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் வடிவாம்பாள். ராஜாவுக்கு வரும் ஓலைகளைச் சபையில் வாசிப்பது அவள் வேலை. கூச்சக்காரி. ஓலையில் இருப்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. ஆசனமே இல்லாதவளை எங்கே இறக்குவது? அதனால் அவளை யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

கொட்டிலுக்குப் புதுக்கூரை போட்ட வாரத்தில் தாண்டவராயர் ராஜாவைப் புகழ்ந்தார். "அரசே, தங்கள் புகழும் வீரமும் எட்டுத் திக்கும் பரவியது!"

ராஜாவுக்கு உடனே சந்தேகம். 'இவன் ஏன் இன்று இவ்வளவு புகழ்கிறான்?' சட்டென்று தூண் பக்கம் திரும்பினார். "பெண்ணே, இவர் சொன்னது சரியா?"

வடிவாம்பாள் கால்விரலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "புகழ் ஒன்று, வீரம் ஒன்று... இரண்டும் சேர்ந்தால் 'பரவின' அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. தாண்டவராயர் இரண்டாம் ஆசனத்துக்கு இறங்கினார். சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். அதை வடிவாம்பாள் கவனித்தாள்.

பத்தாம் நாள் காலையில் ராஜாவின் பல்லக்கு மெத்தைக்கடியில் ஓர் ஓலை கிடந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ராஜா வடிவாம்பாளைத் தனியே கூப்பிட்டு அதை நீட்டினார்.

"வாசி. உன்னைப் பற்றித்தான்."

அரண்மனைக்கு வரும் ஓலைச் செய்திகளையெல்லாம் அவள் பகைவர்க்கு விற்கிறாள் என்று எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் கோணல், வரிக்கு வரி பிழை.

"படிப்பறிவில்லாத எவனோ பாவம், நாட்டின்மேல் அக்கறைப்பட்டு எழுதியிருக்கிறான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்றார் ராஜா. "உச்சிவேளைக்குள் இது பொய் என்று நிரூபி. இல்லாவிட்டால் இந்த நாட்டு எல்லைக்குள் உன் நிழல்கூட இருக்கக்கூடாது."

அவள் கண் ஓலையைவிட்டு நகரவில்லை. தெரியாதவன் என்றால் ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே தப்பாக எழுதுவான்? இவனோ ஒரு வரியில் தப்பாக எழுதிய சொல்லையே அடுத்த வரியில் அழகாக எழுதியிருந்தான். நன்றாகத் தெரிந்த ஒருவன்தான் பிழையை யோசித்து யோசித்துப் போட்டிருக்கவேண்டும். சபையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் தமிழ் தெரியும். அதில் யார்?

"அரசே, இதை வேறு யாராவது பார்த்தார்களா?"

"எடுத்தது நான். பார்த்தவள் நீ. மூன்றாவது ஆளை நான் நம்புவேன் என்றா நினைக்கிறாய்?"

சபை கூடியது. வடிவாம்பாள் ஓலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு முன்னே வந்தாள். அவள் தானாகப் பேசுவதைச் சபை அன்றுதான் பார்த்தது.

"பெரியவர்களே, என்மேல் குற்றம் சொல்லி ஓர் ஓலை வந்திருக்கிறது. எழுதியவர் சரியான ஞானசூனியம். நாலு வரிக்குள் ஒன்பது பிழை."

பதினோரு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். "ஒன்பதா!" "எந்த மாட்டுக்காரன் எழுதினானோ!"

"எட்டுப் பிழைகளையாவது மன்னிக்கலாம், ஐயா," என்றாள் அவள். "அந்த ஒன்பதாவது பிழை இருக்கிறதே, அதைப் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் செய்யாது. அதை எழுதியவருக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் களிமண்—"

"ஒன்பது எங்கே இருக்கிறது?" என்று துள்ளி எழுந்தார் தாண்டவராயர். "எட்டுதான்! எண்ணத் தெரியாதவளெல்லாம் பிழை பார்க்க வந்துவிட்டாள்!"

சிரிப்பு நின்றது.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "சுருட்டிய ஓலை அவள் கையில் இருக்கிறது. எட்டு என்று உமக்கு எப்படித் தெரியும், தாண்டவராயரே?"

தாண்டவராயர் வாயைத் திறந்தார். பிறகு யாரும் சொல்லாமலே தாமாக ஆசனத்தைவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

ராஜா ஓலையைப் பிடுங்கித் தாமே விரல்விட்டு எண்ணினார். எட்டு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். எட்டேதான். அவர் புருவம் ஏறியது.

"அப்படியானால் நீயும் என் சபையில் பொய் சொன்னாயா?"

"ஆமாம் அரசே," என்றாள் வடிவாம்பாள். "ஒன்பதாவது பிழை என்னுடையது. தண்டனை கொடுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "தண்டனையா? இனி முதல் ஆசனம் உன்னுடையது. வேறென்ன வேண்டும், கேள்."

"இந்த ஏறுவதும் இறங்குவதும் வேண்டாம் அரசே. எல்லாரும் பயமில்லாமல் பேசட்டும்."

"இதில் ஏதும் சூழ்ச்சி இல்லையே?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் ராஜா சம்மதித்தார்.

தாண்டவராயருக்குச் சந்தையில் வேலை கிடைத்தது. எழுதத் தெரியாத சனங்களுக்கு அவர்கள் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓலையில் எழுதித் தரவேண்டும். பக்கத்தில் ஒரு காவலன்.

முதலில் வந்தவள் மீன்காரி. "எழுது சாமி. 'தம்பி, உன் மாடுங்க ரெண்டும் சொகமா இருக்குது. நீ எப்ப வருவீங்க?'"

தாண்டவராயருக்கு உடம்பெல்லாம் கூசியது. "அம்மா, அது..." என்று ஆரம்பித்தார்.

காவலன் தொண்டையைக் கனைத்தான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் சொன்னபடியே எழுதினார் தாண்டவராயர்.